அழகருக்கு மண்டபம், ஆளுக்கு அறை

சித்திரை மாதத்தில் மதுரைக்கு வந்து போகும் பிரயாணிகளுக்குக் கணக்கில்லை. ரயிலில் வருவோர், பஸ்ஸில் வருவோர், வேனில் ஊரையே அடைத்துக்கொண்டு வருவோர் என்று பல ரகம். அத்தனை பேரிலும் தங்குமிடம் தேர்ந்தெடுக்க நன்றாகத் தெரிந்த பிரயாணி ஒருவர்தான். அவர் அழகர்.

அழகர்கோவிலிலிருந்து மதுரைக்குச் சுமார் 21 கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அழகரோ ஒரு மாலைப் பொழுதில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடைபெற்றுக்கொண்டு, கள்ளர் கோலத்தில் பல்லக்கு ஏறினால், வைகையில் இறங்குவதற்கு இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகிவிடுகின்றன. வழி நெடுகிலும் மண்டபங்கள் இருப்பதுதான் காரணம். பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன் திருப்பதி, மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று ஊருக்கு ஊர் நின்று நின்று வருகிறார். போக வர எல்லாம் சேர்த்தால் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். சிலவற்றில் ஒரு தீபாராதனை நேரம்; சிலவற்றில் முழு இரவு.

ஆற்றில் இறங்குவதற்கு முந்திய இரவு தல்லாகுளம் பெருமாள் கோவில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் மாலையை அங்கே சூடிக்கொள்கிறார். இறங்கிய அன்று இரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோவில். மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்த்துவிட்டு, இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம். அதற்கு அடுத்த இரவு சேதுபதி மண்டபம். அங்கிருந்து பூப்பல்லக்கில் மலைக்குத் திரும்புகிறார்.

இந்த இடங்களில் பிரமாதமான வசதி என்று எதுவும் இல்லை. ஆனால் எங்கே தங்கினாலும் ஜனங்கள் அவரைப் பார்க்கலாம். அவரும் ஜனங்களைப் பார்க்கலாம். மண்டபம் ஊரோடு ஒட்டி நிற்கிறது, தெருவை மறைப்பதில்லை. பழைய ஊர் ஒன்றுக்குப் போகிறவன் எந்த மாதிரி இடத்தில் தங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

மாதரி கொடுத்த வீடு

மதுரைக்கு வந்து தங்குமிடம் தேடியவர்களின் கதை மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மரப்புணையில் வையையைக் கடந்து தென்கரை சேருகிறார்கள். கோவலன் முதலில் தனியாக நகருக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். பிறகு கவுந்தியடிகள் அவர்களை ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி அவர்களுக்குச் செம்மண் பூசிய ஒரு தனி வீட்டைக் கொடுக்கிறாள். புதுப் பாத்திரங்கள், அரிசி, காய்கள், பால் என்று வேண்டிய பண்டங்களையும் அனுப்பி வைக்கிறாள். சமணர்களாகிய விருந்தினர் பொழுது சாய்வதற்குள் உண்ண வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நல்ல விடுதிக்கு வேண்டியது அத்தனையும் இதில் வந்துவிட்டது. சுத்தமான தரை, நல்ல தண்ணீர், வேளைக்குச் சோறு, வந்தவரின் பழக்கத்தை மதிக்கும் மனம். ஐந்து நட்சத்திரம் என்று இன்று பலகை மாட்டிக்கொள்ளும் இடங்களிலும் இந்த நாலும் ஒருசேரக் கிடைப்பது அருமை.

ராணி கட்டிய சத்திரம்

இந்த உபசாரத்தை ஊரின் பொதுச் சொத்தாக்கியவர்கள் சத்திரம் கட்டியவர்கள். 1689 முதல் சுமார் பதினேழு ஆண்டுகள் மதுரைச் சீமையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டாள். சாலையோரம் மரம் வைத்தாள். நடந்து களைத்தவர் தங்கச் சத்திரம் கட்டினாள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் பெயரால் உள்ள சத்திரம் இன்றும் நிற்கிறது. ரயில் மதுரைக்கு வந்தது 1875-ல். ராணியின் காலம் அதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகள் முந்தியது. ரயிலில் வந்து இறங்கியவனுக்கு எதிரேயே தங்க இடம் தயாராக இருந்தது.

சத்திரத்தில் சாதாரண மனிதன் தங்கினான். கையில் காசு இருக்கிறதா என்பது அங்கே முதல் கேள்வியாக இருக்கவில்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சத்திரங்கள் பலவற்றில் காசு கேட்கவில்லையே தவிர, சாதி கேட்டார்கள். பழைய சத்திரத்தைப் புகழ்கிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயம். இன்றைக்கு வேண்டியது அந்த நாளையத் திண்ணையும் தாழ்வாரமும். அந்த நாளையக் கட்டுப்பாடு அல்ல.

மேலமாசி வீதி மாடி அறை

மதுரையில் மிகவும் பெயர் பெற்ற தங்கும் அறை எது என்று கேட்டால், ஹோட்டல்களின் பட்டியலில் அது அகப்படாது. மேலமாசி வீதி 251-ஏ எண்ணுள்ள வீட்டின் மாடி அது. 1921 செப்டம்பரில் மதுரைக்கு வந்த காந்திஜி அங்கேதான் தங்கினார். ரயிலில் வருகையில் அவர் கண்ட ஏழை ஜனங்கள், கதர் வாங்கத் தங்களுக்கு வசதியில்லை என்று சொல்லியிருந்தார்கள். அது அவர் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. செப்டம்பர் 22-ம் தேதி, நீள வேஷ்டியையும் சட்டையையும் தொப்பியையும் விட்டு, முழங்கால் அளவு துண்டோடு அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தார். கடைசி வரையில் அதுவே அவர் உடையாயிற்று. கீழ்த்தளத்தில் இன்று கதர்க் கடை நடக்கிறது. மாடியைப் போய்ப் பார்க்கலாம்.

அது ஒரு வியாபாரியின் வீடு. தெருவின் மேலேயே ஜன்னல். கீழே போகிறவர்களின் பேச்சு காதில் விழும். ஊருக்கு வெளியே ஒரு பங்களாவில் இறங்கியிருந்தால் அந்த முடிவே வந்திராது என்று சொல்வது மிகை. ஆனால் ஊரின் நடுவில், வீட்டோடு வீடாக இருந்த அறையில் அது நடந்தது என்பது கவனிக்கத் தக்கது.

கோபுரம் தெரியும் அறை

ரயில் வந்த பிறகு ஸ்டேஷனுக்கும் கோவிலுக்கும் நடுவே லாட்ஜுகள் முளைத்தன. டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி இவற்றில் இன்று நடந்தால், வீட்டைவிட லாட்ஜே அதிகமோ என்று தோன்றும். இவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. லட்சக்கணக்கான யாத்திரிகர்களுக்கு இவைதாம் குளிக்கவும் படுக்கவும் இடம் கொடுக்கின்றன.

வில்லங்கம் எங்கே வருகிறதென்றால், "கோபுரம் தெரியும் அறை" என்ற ஆசையில். தெற்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 170 அடி. ஒரு காலத்தில் அதைப் பார்க்க யாரும் மாடி ஏற வேண்டியிருக்கவில்லை. வெகு தூரத்து வயல் வரப்பில் நின்றவன் கண்ணிலும் அது பட்டது. இன்று ஒரு கட்டடம் நாலு மாடி எழுப்பிக் கோபுரம் காட்டுகிறது. அதனால் பின்னால் உள்ள பத்து வீட்டுக்குக் கோபுரம் மறைகிறது. அதற்குப் பின்னால் உள்ளவன் ஐந்து மாடி எழுப்பத் துடிக்கிறான். அறைக்குள் இருப்பவன் கட்டணம் கொடுத்துப் பார்க்கும் காட்சி, தெருவில் நடக்கிறவன் இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான்.

இதைத் தடுப்பதற்காகவே, கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழக் கூடாது என்று 1997-ல் அரசாங்க உத்தரவு வந்தது. உத்தரவு வந்த பிறகும் எழுந்த கட்டடங்கள் உண்டு. அவற்றைப் பற்றிய வழக்குகள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயின. விதி போட்டால் மட்டும் போதாது, விதியை மீறிய அறைக்கு ஆள் போகாமலும் இருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

மேகாங் கரையில் நடந்தது

இந்தத் தொல்லை மதுரைக்கு மட்டும் உரியதல்ல. லாவோஸ் நாட்டில் லுவாங் பிரபாங் என்று ஒரு பழைய ராஜதானி. மேகாங் நதியும் நாம் கான் ஆறும் கூடும் இடத்தில், மூக்குப் போல் நீண்ட நிலத்தில் அமைந்த ஊர். வரிசை வரிசையாகப் பௌத்த விகாரங்கள், அவற்றையொட்டி மரவீடுகள். 1995-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. உடனே உலகமெல்லாம் அங்கே படையெடுத்தது. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது அழகான பழைய வீட்டில், ஆற்றைப் பார்த்த ஓர் அறை.

கேட்டது கிடைத்தது. குடியிருந்த குடும்பங்கள் வீட்டை விடுதிக்கு வாடகை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே போய்விட்டன. வீடுகள் புதுப் பொலிவு பெற்றன. ஓடு மாற்றினார்கள், மரத்துக்கு மெருகு போட்டார்கள். ஆனால் விடியற்காலையில் வரிசையாக வரும் பிக்ஷுக்களுக்குச் சோறிடுவதற்கு வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் குறைந்து போனார்கள். அவர்கள் இடத்தில் காமிராவுடன் பிரயாணிகள் நின்றார்கள். கட்டடம் பிழைத்தது, எதைப் பார்க்க ஜனங்கள் வந்தார்களோ அது மெலிந்தது.

தமிழர்களுக்குச் சம்பந்தமுள்ள இன்னோர் ஊர் மலாக்கா. ஆற்றங்கரைத் துறைமுகமாகிய அது 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வியாபாரத்துக்காகப் போய் அங்கேயே குடும்பம் வைத்துவிட்ட மலாக்காச் செட்டிகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையாரை. 1781-ல் கட்டிய பொய்யாத விநாயகர் கோவில் அவர்களுடையது. அவர்கள் குடியிருக்கும் பகுதியையொட்டி உயர்ந்த கட்டடங்கள் எழுப்பும் திட்டம் 2010-களில் வந்தபோது, அந்தச் சிறு சமூகம் எதிர்த்துக் குரல் கொடுத்தது. கடல் கடந்த ஊரிலும் அதே கதை: விருந்தாளிக்கு வானம் கொடுப்பதற்காக வீட்டுக்காரனின் வானத்தை எடுத்துக்கொள்வது.

அப்படியானால் எங்கே தங்குவது?

மதுரைக்கு வருகிறவர் முதலில் ஒரு மயக்கத்தை விட்டுவிட வேண்டும். "ஆற்றைப் பார்த்த அறை வேண்டும்" என்று இங்கே கேட்கக் கூடாது. வருஷத்தில் பல மாதங்கள் வைகையில் மணலும் புல்லும்தான். 1959-ல் வைகை அணை திறக்கப்பட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கென்று அந்த அணையிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். ஆற்றை நம்பி அறை எடுப்பவர், அழகர் வரும் வாரத்தில் எடுத்தால்தான் கொடுத்த காசுக்குத் தண்ணீரைக் காண்பார்.

இரண்டாவது, எதற்காக வருகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். கோவிலுக்காக வருகிறவர் மாசி வீதிகளுக்குள்ளேயோ அவற்றை ஒட்டியோ தங்குவது நல்லது. நடுப்பகலில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நடந்தே போய் வரலாம். நடுவில் ஒரு தூக்கமும் போடலாம். அழகருக்காக வருகிறவர் வடகரையில் தல்லாகுளம், புதூர்ப் பக்கம் தங்க வேண்டும். திருவிழா நாளில் பாலங்களைக் கடப்பது அவரவர் கால்பலத்தைப் பொறுத்தது.

அமைதி வேண்டுவோர் ஊரைவிட்டுச் சற்று விலகலாம். கோச்சடையில், மில் நிர்வாகத்தின் கிளப்பாக 1970-களில் எழுந்த கட்டடம் ஒன்று இன்று ஹோட்டலாக நடக்கிறது. திட்டம் போட்டவர் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. மரங்களுக்கு மேலே தலை நீட்டாமல், மரங்களுக்கு நடுவே அடங்கி இருக்கும்படி அமைத்திருக்கிறார். செலவு எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனாலும் புதிதாக ஹோட்டல் கட்ட நினைப்பவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய கட்டடம்.

மலையடிவாரத்தை விரும்புகிறவர் அழகர்கோவிலுக்கே போகலாம். கூட்டமில்லாத நாளில், கோட்டை மதிலுக்கும் காட்டுக்கும் இடையே காலைப் பொழுது மிகவும் ரம்மியமானது. மேலே நூபுர கங்கைத் தீர்த்தம். கீழே கோவில் பிரசாதமான தோசை, கனமும் மணமுமாக. வசந்த மண்டபத்தில் ராமாயணச் சித்திரங்கள். அந்த மண்டபமும் ஒரு விடுதிதான். கோடையில் சுவாமி இளைப்பாறக் கட்டியது.

மூன்றாவது, அறையைப் பார்க்கும்போது சில கேள்விகளைக் கேட்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குப்பையையும் கழிவுநீரையும் எங்கே விடுகிறார்கள்? ஆற்றுக்கா, வாய்க்காலுக்கா? கட்டடம் விதிப்படி உயர்ந்ததா, அதை மீறியா? வேலை பார்ப்பவர்களில் உள்ளூர் ஆட்கள் எத்தனை பேர்? வண்டி ஓட்டி வந்த டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா?

கடைசிக் கேள்வியைச் சிறியதென்று நினைக்க வேண்டாம். எஜமானர் குளிர்சாதன அறையில் உறங்க, இரவெல்லாம் மலைச்சாலையில் வண்டி ஓட்டியவர் காருக்குள் முதுகை மடக்கிக்கொண்டு கிடப்பது எங்கும் காணும் காட்சி. ஹோட்டல்களிலும் லாட்ஜுகளிலும் டிரைவர்கள் தங்க இடம் அமைக்க வேண்டும் என்று தமிழக அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தியது. மங்கம்மாள் சத்திரத்துக்கு அந்த விதி தேவைப்பட்டிராது. வண்டிக்காரனும் அதே கூரையின் கீழ்தான் படுத்திருப்பான்.

பெயர் மட்டும் போதுமா?

பிரயாணியின் கடமை இவ்வளவு. ஊரின் கடமை இதைவிடப் பெரிது.

மதுரையில் சத்திரம் என்ற பெயர் இன்னும் பல இடங்களில் இருக்கிறது, சத்திரம்தான் குறைந்துவிட்டது. புதுமண்டபத்தை எடுத்துக்கொள்ளலாம். திருமலை நாயக்கர் அதை மீனாட்சி சுந்தரேசுவரரின் வசந்த மண்டபமாகக் கட்டினார். கோடையில் சுவாமி தங்கும் இடம் காலப்போக்கில் தையற்காரர்களுக்கும் புத்தகக் கடைக்காரர்களுக்கும் பாத்திரக் கடைக்காரர்களுக்கும் இடமாயிற்று. அண்மை ஆண்டுகளில் அந்த வியாபாரிகளுக்கு மாற்றிடம் கொடுத்தார்கள். எங்கே தெரியுமா? குன்னத்தூர்ச் சத்திரத்தில். சத்திரம் இருந்த இடத்தில் புதிதாகக் கடைக் கட்டடம் எழுந்தது. வியாபாரிகளுக்கு இடம் கொடுத்தது நியாயமே. சுவாமியின் மண்டபம் விடுபட்டதும் நல்லதே. ஆனால் யாத்திரிகன் தங்கிய இடம்? அது பெயர்ப்பலகையில் மட்டும் மிஞ்சியது.

இதற்கிடையே சித்திரைத் திருவிழாவுக்குக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் எங்கே படுக்கிறார்கள்? தல்லாகுளத்தில் சாலையோரத்திலும், ஆற்று மணலிலும், கடை வாசல்களிலும். முடி இறக்கிய குழந்தை துணி விரிப்பில் தூங்குகிறது. பக்கத்தில் தாய் விழித்திருக்கிறாள். பெண்களுக்குக் குளிக்க மறைவில்லை; கழிப்பிடத்துக்கு அலைகிறார்கள். அழகருக்கு நானூறு மண்டபம் உண்டு. அழகரைப் பார்க்க வந்த ஆளுக்கு ஓர் இடம் இல்லை. அழகரே கேட்டாலும் இந்தக் கணக்கை ஒப்ப மாட்டார்.

வழி இல்லாமல் இல்லை. அழகர்கோவிலிலிருந்து வண்டியூர் வரை உள்ள மண்டபங்களில் பல, வருஷத்தில் ஓரிரு நாளுக்கு மட்டும் திறக்கின்றன. மண்டகப்படி நடத்தும் குடும்பங்களையும் சங்கங்களையும் கலந்து பேசி, இடமுள்ள மண்டபங்களில் தண்ணீர்க் குழாய், விளக்கு, கழிப்பிடம் அமைத்துத் திருவிழா நாட்களில் யாத்திரிகர்களுக்குத் திறந்துவிடலாம். அரசாங்கமும் மாநகராட்சியும் அறநிலையத் துறையும் மனம் வைத்தால், பழைய சத்திரங்களைப் பழுது பார்த்துக் குறைந்த கட்டணத்தில் நடத்தலாம். சாதி கேளாமல், சுத்தம் குறையாமல் நடத்த வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மாசி வீதிகளில் இடியும் நிலையில் உள்ள பழைய வீடுகளை, குடியிருப்போரை வெளியேற்றாமல், ஒன்றிரண்டு அறைகளை மட்டும் விருந்தினருக்கு விடும்படி ஊக்கலாம். வீட்டுக்காரரும் வாழ்வார், வீடும் வாழும். லுவாங் பிரபாங்கில் செய்யத் தவறியதை இங்கே செய்து காட்டலாம்.

கோபுரத்தைச் சுற்றிய உயரக் கட்டுப்பாட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது. ஒரு மாடி கூடினால் ஓர் ஹோட்டலுக்குப் பத்து அறை கிடைக்கும். ஊருக்கு வானம் குறையும். குறைந்த வானத்தை எந்த அரசாங்க உத்தரவும் திரும்பக் கொண்டுவராது.

இரண்டாயிரம் ஆண்டுகளாக வந்தாரை வரவேற்ற ஊர் என்று மதுரை பெருமைப்பட்டுக்கொள்கிறது. மாதரி ஒரே மாலையில் செய்ததை ஒரு மாநகராட்சி ஓர் ஆண்டில் செய்ய முடியாதா? அடுத்த சித்திரைக்குள் ஒரு சத்திரமாவது கதவைத் திறக்குமா? பொறுப்பில் உள்ளவர்கள்தாம் பதில் சொல்ல வேண்டும்.